தொடக்கநிலை ஓவியப் பயிற்சி: கைபேசிப் படமா, நேர்க்காட்சியா?

1856இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களைக் கைபேசிப் படத்திலிருந்து வரைவதைவிட எதிரே நின்று வரைவதையே புதியவர்களுக்கு நான் அழுத்தமாகப் பரிந்துரைப்பேன். படத்தில் ஆழம் ஏற்கெனவே தட்டையாகிவிடுவதால் நகலெடுப்பது எளிது, நிழலும் நகராது. நேரிலோ, ஒரு கண்ணை மூடி, கையை முழுமையாக நீட்டி, பென்சிலால் தூணின் அகலத்தை அளந்து, அது உயரத்தில் எத்தனை முறை அடங்குகிறது என்று பார்க்க வேண்டியிருப்பதால், விகிதத்தைக் கண்டறியும் வேலை முழுவதும் நம் கண்ணுக்கே வந்துவிடுகிறது. பயிற்சி என்பதே அதுதான். சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் அலையில் ஆடும் விசைப்படகுகளுக்கு மட்டும் தொடக்கத்தில் படம் உதவும். கரையேற்றிய படகோ அசையாது என்பதால், அதை நேரில் பார்த்தே, அடுத்தடுத்த இரு படகுகளுக்கு இடையே தெரியும் வெற்றிடத்தின் வடிவத்தை முதலில் வரையுங்கள். படகு முகப்பின் வளைவு பெரும்பாலும் அதிலேயே பிடிபட்டுவிடும்.