பணம் தரும் டாக்டர் சர்வே: எங்கே ஏமாற்றுகிறார்கள், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும்

“டாக்டர், சர்க்கரை நோய்க்கு நீங்கள் எழுதும் மருந்துகள் பற்றி ஒரு சின்ன சர்வே. 20 நிமிடம்தான். 2,500 ரூபாய் தருகிறோம்.” ஓ.பி. முடிந்து களைத்து உட்காரும் நேரம் பார்த்து இப்படி ஒரு வாட்ஸ்அப் வரும். இப்படி வருவதெல்லாம் மோசடி என்று சொல்ல முடியாது. மருந்து கம்பெனிகளுக்கு இந்தத் தகவல் நிஜமாகவே தேவை. எம்பாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து விலை மடமடவென்று இறங்கியது. அதே மாதம் டிர்செபடைட் என்ற சர்க்கரை நோய் ஊசி இந்தியச் சந்தைக்கு வந்தது. ஜூனில் எடை குறைப்புக்கான செமாகுளூடைட் ஊசி வந்தது. அந்த செமாகுளூடைட்டுக்கும் இங்கே காப்புரிமை 2026 மார்ச் வரைதான். எந்த டாக்டர் எதை விட்டு எதற்கு மாறுவார் என்று தெரிந்தால்தான் எவ்வளவு தயாரிப்பது, எந்த ஊருக்கு எத்தனை ரெப் (விற்பனைப் பிரதிநிதி) போடுவது என்று கணக்குப் போட முடியும். ஆக, உங்கள் பேனா எழுதும் பழக்கம் விலைபோகும் சரக்கு. சரக்கு இருக்கும் இடத்துக்குத் தரகர் வருவார், அவர் பின்னாலேயே திருடனும் வருவான்.

நேர்மையான சர்வேயில் இரண்டு பக்கமும் திரை இருக்கும். எந்தக் கம்பெனிக்காக நடக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், குறைந்தபட்சம் முடியும்வரை. பதில் சொன்னது நீங்கள் என்று கம்பெனிக்கும் தெரியாது. அதற்குப் போவது “தென்னிந்தியா, நீரிழிவு மருத்துவர், 12 ஆண்டு அனுபவம்” என்ற அளவு மட்டும். நடுவில் மூன்று கைகள் இருக்கும்: கேள்விகளைத் தயாரிக்கும் ஆய்வு நிறுவனம், டாக்டர்களைத் திரட்டித்தரும் பேனல் அல்லது ஃபீல்டு ஏஜென்சி, அதற்குக் கீழே ஊர் ஊராக ஆள் பிடிக்கும் ரெக்ரூட்டர். உங்களுக்கு மெசேஜ் அனுப்புபவர் பெரும்பாலும் இந்தக் கடைசி ஆள். முடிந்த ஒவ்வொரு பேட்டிக்கும் அவருக்குக் காசு. அதனால் “கண்டிப்பா வந்துடும் டாக்டர்” என்பார். பணம் எப்போது, யார் கணக்கிலிருந்து வரும் என்பது அவருக்கே தெரியாது.

அதிகம் பேர் ஏமாறுவது ஸ்க்ரீனரில்தான். தகுதி பார்க்கும் கேள்விகள் என்றால் அவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்: என்ன துறை, தொழில் தொடங்கி எத்தனை ஆண்டு (3 முதல் 30 அல்லது 35 வரை கேட்பது வழக்கம்), வேலை நேரத்தில் எவ்வளவு சதவீதம் நேரடியாக நோயாளிகளோடு, குறிப்பிட்ட நோயோடு மாதம் எத்தனை பேர் வருகிறார்கள், நீங்களோ குடும்பத்தாரோ மருந்து கம்பெனியிலோ விளம்பர நிறுவனத்திலோ வேலை செய்கிறீர்களா, எந்த ஊர். மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகாது. அதைத் தாண்டி, எந்தச் சர்க்கரை நோய் மருந்து எத்தனை பேருக்கு என்று பிரித்து, “கடைசியாகப் பார்த்த 100 நோயாளிகளில் மெட்ஃபார்மின் மட்டும் எத்தனை பேர், அதோடு எஸ்ஜிஎல்டி2 எத்தனை பேர், ஜிஎல்பி1 ஊசி எத்தனை பேர்” என்று கூட்டுத்தொகை 100 வர வேண்டிய கட்டம் திறந்தால், அது ஸ்க்ரீனர் இல்லை. கம்பெனி காசு கொடுத்து வாங்க வந்த சரக்கே அதுதான்.

அந்தக் கட்டத்தை நிரப்பி, எந்த பிராண்டை ஏன் விரும்புகிறீர்கள் என்றும் எழுதி முடித்த பிறகு, 15ஆவது நிமிடத்தில் “மன்னிக்கவும், உங்கள் பிரிவில் கோட்டா நிறைந்துவிட்டது” என்று திரை வரும். ‘அடுத்து’ பொத்தானை அழுத்திய ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கத்துப் பதில் சர்வரில் சேர்ந்திருக்கும். கோட்டா என்பது துறை, ஊர், நோயாளி எண்ணிக்கை இவற்றை வைத்துப் போடுவது. முதல் நான்கு நிமிடத்திலேயே தெரிந்துவிடக்கூடிய விஷயத்தை 15ஆவது நிமிடத்தில் சொன்னால், ஒன்று படிவத்தை வடிவமைத்தவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது நன்றாகவே தெரிகிறது. ஒரே நேரத்தில் பலர் உள்ளே இருந்து நிஜமாகவே இடம் நிறைவதும் உண்டு. அப்போது மரியாதையுள்ள ஏஜென்சி ஒரு பகுதித் தொகையாவது தரும்.

தொடங்கும் முன்பே லிங்க்கை முழுதாக நகலெடுத்து வையுங்கள். அதில் பெரும்பாலும் புராஜெக்ட் எண்ணும் உங்கள் அடையாள எண்ணும் இருக்கும். வெளியே தள்ளிய பிறகு பக்கம் வேறு முகவரிக்குத் தாவிவிடும், அப்போது தேடினால் கிடைக்காது. பிராண்ட் கேள்வி வந்த பக்கத்தையும், கோட்டா செய்தி வந்த பக்கத்தையும் நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள்.

சில ரெக்ரூட்டர்கள் “மாதம் 150 பேருக்கு மேல்னு போடுங்க டாக்டர், இல்லன்னா உள்ளே விடாது” என்று சொல்லிக்கொடுப்பார்கள். போடாதீர்கள். பின்னால் வரும் கேள்விகளில் புது நோயாளி இத்தனை, ஊசி போடுபவர் இத்தனை என்று வேறு கோணத்தில் கேட்டு முதல் எண்ணோடு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் தரம் போதாது என்று பதிவு ரத்தாகும். ரெக்ரூட்டருக்குப் பட்டியலில் இன்னொரு பெயர் கிடைத்தது, உங்கள் பெயருக்கு அந்தப் பேனலில் கறுப்புப் புள்ளி.

முழுதாக முடித்த பிறகும் பணம் நிற்கும் இடங்கள் உண்டு. சராசரியாக 25 நிமிடம் ஆகும் சர்வேயை 8 நிமிடத்தில் முடித்தால் வேகக் கணக்கில் தள்ளுவார்கள். வரிசையாக எல்லாவற்றுக்கும் 7 மதிப்பெண் போட்டாலும், ‘ஏன்’ என்ற கேள்விக்கு “குட் எஃபிகஸி” என்று இரண்டு சொல்லில் முடித்தாலும் அப்படியே. ஒரே ஆஸ்பத்திரி வைஃபையில் இரண்டு டாக்டர் செய்தால் இரண்டாமவர் நகல் என்று கருதப்படலாம். மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். அசிஸ்டென்டை நிரப்பச் சொல்வது பற்றி எழுதவே தேவையில்லை என்று நினைக்கிறோம், ஆனாலும் நடக்கிறது.

இவை நியாயமான காரணங்கள். சிக்கல் என்னவென்றால், கொடுக்க மனமில்லாதவருக்கும் இதே காரணங்கள் கைவசம் இருக்கின்றன. அதனால் தொடங்கும் முன் மெயிலில், வாட்ஸ்அப் ஆடியோவில் வேண்டாம், எழுத்தில் ஆறு விஷயம் கேட்டு வாங்குங்கள்: தொகை எவ்வளவு, வரிப் பிடித்தத்துக்கு முன்பா பின்பா, எந்த நிறுவனத்தின் கணக்கிலிருந்து வரும், சர்வே முடிந்து எத்தனை நாளில், வங்கிக் கணக்கா, வவுச்சரா, புள்ளிகளா, ரத்து செய்தால் காரணம் சொல்வார்களா. நான்கு முதல் எட்டு வாரம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். புள்ளிகள் என்றால், எத்தனை சேர்ந்தால் பணமாக்கலாம், எப்போது காலாவதியாகும் என்று பாருங்கள். 5,000 புள்ளி சேர்ந்தால்தான் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு, 4,000 தாண்டியதும் உங்களுக்கு சர்வே வருவதே நின்றுபோவது பழைய வித்தை.

வரி விஷயத்தில் ஒரு எளிய சோதனை. தொழில்முறைக் கட்டணம் என்று 10% டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்ததாகச் சொல்கிறார்களா? வருமான வரித் தளத்தில் உங்கள் ஏஐஎஸ் (ஆண்டு வருமான விவரம்) பக்கத்தைத் திறந்து அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். காலாண்டு முடிந்து கணக்குத் தாக்கல் செய்த பிறகும் ஏறவில்லை என்றால், பிடித்தது வரியாக இல்லாமல் இடையில் இருந்தவரின் பங்காக இருக்கலாம்.

முன்பணம் கேட்டால் யோசிக்க ஒன்றுமில்லை. பதிவுக் கட்டணம், திரும்பத் தரும் டெபாசிட், ‘ஜிஎஸ்டி கட்டினால் சன்மானம் ரிலீஸ்’ எல்லாமே திருட்டு. யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் போடத் தேவையே இல்லை. கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம்.

ஆவணங்கள் கேட்பதில் நிதானம் வேண்டும். கவுன்சில் பதிவு எண் கேட்பது சரி. அது இந்திய மருத்துவப் பதிவேட்டில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கக்கூடியது. பணம் தர பான் எண்ணும் வங்கிக் கணக்கும் கேட்பதும் சரி, ஆனால் சர்வே முடிந்த பிறகு. கையெழுத்தும் முத்திரையும் போட்ட வெற்று லெட்டர்ஹெட்டை ‘டாக்டர்தான் என்று உறுதிப்படுத்த’ கேட்டால் கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரைச் சீட்டு, மருத்துவ விடுப்புச் சான்றிதழ், இன்சூரன்ஸ் கிளைம் என்று அந்த ஒரு தாள் எங்கெல்லாம் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது ரெப் கையில் வரும் ‘சர்வே’. பத்துக் கேள்வி உள்ள ஒரு பக்கத் தாள், நிரப்பினால் 5,000 ரூபாய். இங்கே திரையே கிடையாது: கம்பெனி யார் என்று உங்களுக்குத் தெரியும், நீங்கள் யார் என்று கம்பெனிக்குத் தெரியும், தேர்ந்தெடுத்ததே நீங்கள் அதிகம் எழுதுவீர்கள் என்றுதான். பதில்களை யாரும் படிப்பதில்லை. தொகை ‘புதிதாகத் தொடங்கிய நோயாளிகளின் எண்ணிக்கை’யோடு கட்டப்பட்டிருந்தால் அதற்குப் பெயர் லஞ்சம், ஆய்வு என்று தலைப்புப் போட்டாலும் சரி. 2002 மருத்துவர் நடத்தை விதிகளில் 2009 டிசம்பரில் சேர்த்த 6.8 பிரிவு, மருந்து கம்பெனியிடம் தனிப்பட்ட முறையில் எந்தச் சாக்கிலும் பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆய்வுக்கான நிதி அங்கீகரிக்கப்பட்ட நிறுவனம் வழியாகத்தான் வர வேண்டும். ஆலோசகராக வேலை செய்ய அதே பிரிவு இடம் தருகிறது, எல்லாம் வெளிப்படையாக இருந்தால். 2023இல் வந்த புது விதிகள் அதே ஆகஸ்டில் நிறுத்திவைக்கப்பட்டபோது இந்தப் பழைய விதிகளே மீண்டும் நடைமுறைக்கு வந்தன. கம்பெனிகளின் பக்கம், 2024 மார்ச்சில் வந்த யுசிபிஎம்பி என்ற மருந்து விற்பனை நடத்தை விதித்தொகுப்பும் டாக்டருக்கோ குடும்பத்துக்கோ பணம் தருவதைத் தடுக்கிறது. டாக்டர்களுக்குத் தந்த அன்பளிப்பை வியாபாரச் செலவாகக் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதும் சென்னையைச் சேர்ந்த ஒரு கம்பெனியின் வழக்கில்தான். சுருக்கமாக, கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் உங்கள் பெயர் எந்தத் தலைப்பில் ஏறுகிறது என்பது பின்னாளில் உங்கள் தலைவலி.

வரப்போகும் மருந்துகள் பற்றிய சர்வேயில் பணத்தைவிட மோசமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. ‘மருந்து எக்ஸ்’ என்று ஒரு அட்டை காட்டுவார்கள்: வாரம் ஒரு ஊசி, 52 வாரத்தில் எடை இவ்வளவு குறையும், குமட்டல் இவ்வளவு சதவீதம், விலை இவ்வளவு. இந்த எண்கள் பரிசோதனை முடிவாக இருக்கலாம். கம்பெனி எட்ட விரும்பும் இலக்காகவும் இருக்கலாம். எந்த அம்சத்துக்கு டாக்டர் அசைகிறார் என்று பார்க்க, ஒரே மருந்துக்கு உங்களுக்கு ஒரு எண்ணும் பக்கத்து ஊர் டாக்டருக்கு வேறு எண்ணும் காட்டுவது இந்த ஆய்வு முறையின் அங்கம். அது தவறில்லை. அந்த அட்டையை ஆதாரமாக மனதில் வைத்துக்கொண்டு, மருந்து வந்ததும் நோயாளியிடம் “இருபது சதவீதம் குறையும்” என்று சொல்வதுதான் ஆபத்து. ‘என் நோயாளிகளில் 60% பேருக்கு எழுதுவேன்’ என்று நீங்கள் சொன்னால், டாக்டர்கள் கூட்டித்தான் சொல்வார்கள் என்று கம்பெனியே அதைக் குறைத்துத்தான் கணக்கில் எடுக்கும். நாம் மட்டும் அவர்கள் எண்ணை அப்படியே நம்புவானேன்?

நோயாளிக் குறிப்பு கேட்கும் சர்வேயில் ஐந்து முதல் பத்து நோயாளிகளின் வயது, பாலினம், நோய் கண்ட ஆண்டு, எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு), மருந்து மாற்றிய காரணம் வரை கேட்பது முறை. பெயர், போன் நம்பர், பிரிஸ்கிரிப்ஷன் போட்டோ, லேப் ரிப்போர்ட் பிடிஎஃப் கேட்டால் நிறுத்துங்கள். நோயாளியின் ரகசியத்தை வெளியிடுவது அதே 2002 விதிகளின் 7.14 பிரிவில் குற்றம். மாட்டினால் வேறு பெயரில் ஒளிந்திருக்கும் ஏஜென்சி இல்லை, நீங்கள்தான். அந்தத் தகவலை வைத்துக் கட்டுரை வெளியிடப் போகிறோம் என்றால், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள்.

ஒரு மணி நேர போன் பேட்டி, வழக்கத்தைவிடப் பல மடங்கு சன்மானம் என்றால் கேட்பவர் மருந்து கம்பெனியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, பங்குச்சந்தைக்காரராக இருக்கலாம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக நரம்பியல் பேராசிரியர் சிட்னி கில்மன், பாபினூசுமாப் என்ற அல்சைமர் மருந்தின் பரிசோதனைக் கண்காணிப்புக் குழுவின் தலைவராக இருந்தவர். நிபுணர்களை ஏற்பாடு செய்து தரும் நிறுவனம் ஒன்றின் வழியாக அறிமுகமான மேத்யூ மார்ட்டோமா என்ற நிதி மேலாளரிடம், 2008 ஜூலையில் முடிவுகள் வெளியாகும் முன்பே அவற்றைச் சொல்லிவிட்டார். அந்த நிதி நிறுவனம் சுமார் 27.5 கோடி டாலர் அளவுக்கு லாபம் பார்த்தது, நஷ்டத்தையும் தவிர்த்துக்கொண்டது. மார்ட்டோமாவுக்கு 2014இல் 9 ஆண்டு சிறை. கில்மன் சாட்சி சொன்னதால் வழக்கிலிருந்து தப்பினார், பல்கலைக்கழக வேலை போயிற்று. நடந்துகொண்டிருக்கும் எந்தப் பரிசோதனையிலாவது நீங்கள் ஆய்வாளராக இருந்தால், அந்த மருந்தைப் பற்றிய பேட்டிக்கே ஒப்புக்கொள்ளாதீர்கள். “பொதுவாகச் சொல்லுங்க, உங்க நோயாளிகளுக்கு எப்படி இருக்கு?” என்பதுதான் தூண்டில்.

பேட்டி என்றால் பதிவு செய்கிறார்களா, கம்பெனி ஆட்கள் லைனில் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று முதலிலேயே கேளுங்கள். கேட்டால் சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பேச்சில் ஒரு பக்கவிளைவைக் குறிப்பிட்டால், உங்கள் பெயரைத் தரலாமா என்று திரும்பக் கேட்பார்கள். அது மருந்துப் பாதுகாப்புக்கான நடைமுறை, பயப்பட வேண்டாம். மறுத்தாலும் சன்மானம் போகாது. நீங்களே 1800-180-3024 எண்ணில் நேரடியாகவும் தெரிவிக்கலாம்.

பணத்தைத் திருடியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குப் போன் செய்து, வங்கிக்கும் சொல்லுங்கள். சன்மானம் வராத சர்வேக்கு அந்த எண் உதவாது. ரெக்ரூட்டரோடு மல்லுக்கட்டுவதும் வீண். சர்வேயின் முதல் பக்கத்தில், தனியுரிமைக் குறிப்பில் இருக்கும் ஆய்வு நிறுவனத்தின் மெயிலைத் தேடி எடுங்கள். புராஜெக்ட் எண், அடையாள எண், தொடங்கிய முடித்த நேரம், ஸ்க்ரீன்ஷாட் இவற்றோடு ஒரு வரி சேருங்கள்: “14 நாளில் சன்மானம் வராவிட்டால் என் பதில்கள் முழுவதையும் நீக்கி, நீக்கியதை எழுத்தில் உறுதிசெய்யவும்.” சர்வதேச ஆய்வு நெறிகளின்படி பங்கேற்றவருக்கு விலகிக்கொள்ளும் உரிமை உண்டு. 60 நீரிழிவு மருத்துவர்கள் என்று கம்பெனிக்கு ஒப்புக்கொண்டுவிட்டு 59ஓடு போய் நிற்க ஆய்வு நிறுவனத்துக்குப் பிடிக்காது. பல நேரம் அந்த ஒரு வரிக்குத்தான் பதில் வரும்.