சோழர் காலத்துச் சிலை என்று என்னிடம் விற்கப்பட்ட அம்மன்: வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில், கலைப்பொருள் சேகரிப்பாளராகச் சென்னையில் பெயர் பெற்ற ஒரு செல்வந்தரிடமிருந்து, சோழர் காலத்தது என்று அவர் சொன்ன ஒன்றரை அடி உயர அம்மன் சிலையை 6,40,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அது சோழர் காலத்ததும் அன்று, நாயக்கர் காலத்ததும் அன்று. சுவாமிமலையில் வார்க்கப்பட்டு ஐந்தாறு ஆண்டுகள்கூட ஆகாதது. வழக்கறிஞரின் அறிவுரைப்படி அவருடைய பெயரை எழுதவில்லை. ஆனால் அவர் என்னை ஏமாற்றிய முறையை எழுதத் தடையில்லை. அந்த முறை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பும் அன்று. நியூயார்க்கில் கோடிக்கணக்கில் நடந்த ஒன்றின் சிறிய பதிப்பு.

நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். பிறர் கொண்டுவந்து நீட்டிய பத்திரங்களில் தேதியையும் கையெழுத்தையும் சரிபார்த்தே முப்பத்து நான்கு ஆண்டுகளைக் கழித்தவன். இதை வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

அவருடைய வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றவர் பழைய வாடிக்கையாளர் ஒருவர். காரைக்குடியில் இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து வாங்கிய தேக்குத் தூண்கள் வாசலில் நின்றன. கூடத்தில் தஞ்சாவூர் ஓவியங்களும் ரவிவர்மா அச்சுப் படங்களும் வரிசையாக மாட்டப்பட்டிருந்தன. அவற்றுக்கு நடுவே, ஏதோ ஓர் அருங்காட்சியகத்துக்கு அவர் நன்கொடை வழங்கும் புகைப்படம் பெரிதாகச் சட்டமிடப்பட்டிருந்தது. முதல் இரண்டு சந்திப்புகளில் விலை என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. "விற்பதற்கு இங்கே ஒன்றுமில்லை சார், எல்லாம் என் பிள்ளைகள் மாதிரி" என்றார். மூன்றாவது முறை சென்றபோதுதான், பட்டுத் துணியில் சுற்றியிருந்த அந்த அம்மனை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்து, தமக்கு வயதாகிவிட்டதென்றும், தகுதியான ஒரு வீட்டுக்கு இது போய்ச் சேர வேண்டுமென்றும் குரல் தழுதழுக்கச் சொன்னார். அந்தத் தகுதி எனக்கு இருப்பதாக அவர் கருதியதில் எனக்கு உண்டான பெருமைதான் நான் கொடுத்த விலையில் பெரும்பங்கு.

நான் ஒன்றும் தெரியாதவனாக அங்கே போகவில்லை. தமிழகக் கோயில் சிலைகளைக் கடத்தி விற்றதாகச் சிக்கிய நியூயார்க் வணிகர் சுபாஷ் கபூரின் வழக்கைப் பற்றிச் செய்தித்தாள்களில் தொடர்ந்து படித்து வந்தவன். அன்று அந்தச் சேகரிப்பாளரிடமே அந்தப் பேச்சை எடுத்தேன். அவர் முகம் சிவந்தது. "அந்த மாதிரி ஆட்களால்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கெட்ட பெயர்" என்றார். நான் தலையாட்டினேன். இப்போது நினைத்துப் பார்த்தால், கபூரின் வாழ்க்கையை நான் படித்த விதமே தவறு என்று தோன்றுகிறது. அதைத் திருடனின் கதையாகப் படித்தேனே தவிர, நன்மதிப்பு எப்படிச் சேர்க்கப்படுகிறது என்ற கதையாகப் படிக்கவில்லை.

1949-இல் பிறந்த கபூர், கலைப்பொருள் வணிகக் குடும்பத்திலிருந்து வந்தவர். 1974-இல் அமெரிக்காவுக்குச் சென்று, பின்னர் நியூயார்க்கின் செல்வர்கள் வாழும் மாடிசன் அவென்யூவில் 'ஆர்ட் ஆஃப் தி பாஸ்ட்' என்ற காட்சிக்கூடத்தை நடத்தினார். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் அவரிடம் வாங்கின. அவற்றுள் சிலவற்றுக்கு அவர் அன்பளிப்பும் வழங்கினார். நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம், அவர் கொடுத்த இந்தியக் கோட்டோவியங்களைக் கொண்டு 2009-இல் ஒரு கண்காட்சியே நடத்தியது. கொடுப்பவரிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. கொடுத்த இடத்தில் பெயர் பொறிக்கப்படுகிறது. அந்தப் பெயரைப் பார்த்து அடுத்தவர் வாங்குகிறார். என் சேகரிப்பாளரின் கூடத்தில் சட்டமிட்டுத் தொங்கிய புகைப்படம் செய்த வேலையும் இதுவே.

இதே காலத்தில் அரியலூர் மாவட்டத்தில் நடந்தது வேறு. ஸ்ரீபுரந்தான் பிரகதீசுவரர் கோயில் வழிபாடு குன்றிப் பூட்டிக் கிடந்தது. 2006-இல் அங்கிருந்து சிலைகள் திருடப்பட்டன. பாதுகாப்புக்காக அவற்றை வேறிடத்துக்கு எடுத்துச் செல்ல 2008-இல் அதிகாரிகள் வந்து கதவைத் திறந்தபோதுதான் உள்ளே ஒன்றுமில்லை என்பது ஊருக்கே தெரிந்தது. சுத்தமல்லி வரதராஜப் பெருமாள் கோயிலிலும் 2008-இல் அதே கதி. ஸ்ரீபுரந்தான் நடராஜர் கபூர் மூலம் ஆஸ்திரேலியத் தேசியக் காட்சிக்கூடத்துக்கு 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்டார். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்த பிள்ளையாரை அமெரிக்காவின் டொலீடோ அருங்காட்சியகம் 2006-இல் 2,45,000 டாலருக்கு வாங்கியது. அரியலூர்ப் பகுதிக் கோயிலைச் சேர்ந்த உமா பரமேசுவரியை சிங்கப்பூரின் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகம் 2007-இல் 6,50,000 டாலர் கொடுத்து வாங்கியது. புதிய கைவினைப் பொருள்களோடு கலந்து, அவற்றின் பெயரிலேயே சிலைகள் கப்பலேற்றப்பட்டன என்பது காவல்துறையின் வழக்கு.

இத்தனை பெரிய நிறுவனங்கள் எதை நம்பின? தாளை நம்பின. டெல்லியில் பணியாற்றிய சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் 1970-இல் அந்த நடராஜரை வாங்கி நாட்டைவிட்டுக் கொண்டு சென்றார் என்று ஆவணம் சொன்னது. 1970 என்ற ஆண்டு காரணத்தோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. நம் நாட்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே வெளியேறியது என்று காட்டிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். களவுபோன கலைப்பொருள்களின் பதிவேட்டில் இச்சிலை இல்லை என்ற சான்றும் இணைக்கப்பட்டிருந்தது. களவு போனதே யாருக்கும் தெரியாதபோது பதிவேட்டில் அது எப்படி இருக்கும் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தத் தாளை வென்றது இன்னொரு தாள், அதாவது ஒரு புகைப்படம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து நம் கோயில்களில் எடுத்துச் சேமித்து வைத்த படங்களில், ஸ்ரீபுரந்தான் நடராஜர் 1994-இல் கோயிலுக்குள்ளேயே நிற்கிறார். 1970-இல் டெல்லியில் விற்கப்பட்டவர் 1994-இல் அரியலூரில் நிற்க முடியாது. கபூர் 2011 அக்டோபரில் ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் கைது செய்யப்பட்டு, 2012 ஜூலையில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். அந்த நடராஜரையும், நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்திலிருந்த விருத்தாசலம் அர்த்தநாரீசுவரரையும் 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமரே நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தார். கபூரோடு தொடர்புடையவை என்று அமெரிக்க அதிகாரிகள் கைப்பற்றிய பொருள்கள் 2,500-க்கும் மேற்பட்டவை. மதிப்பு 14 கோடி டாலருக்கும் மேல். சுத்தமல்லி வழக்கில் கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பர் 1 அன்று அவருக்கு 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

இவ்வளவும் தெரிந்திருந்தும் என் மேசைக்கு வந்த தாளை நான் எப்படிப் படித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

சேகரிப்பாளர் எனக்கு இரண்டு தாள்கள் கொடுத்தார். ஒன்று, தஞ்சாவூர் மாவட்டத்து மிராசுதார் குடும்பம் ஒன்று அவருடைய தந்தையாருக்கு 1968-இல் எழுதியதாகச் சொல்லப்பட்ட, ஓரங்கள் பழுப்பேறிய, ஆங்கிலத் தட்டச்சுக் கடிதம். தங்கள் பூசையறையில் ஐந்து தலைமுறையாக இருந்த அம்மனை அன்பின் அடையாளமாகக் கொடுப்பதாக அதில் இருந்தது. மற்றது அவருடைய விற்பனைச் சீட்டு. அதில் 'பித்தளைக் கைவினைப் பொருள் ஒன்று, ரூ.40,000' என்று மட்டும் எழுதியிருந்தது. ஏன் என்று கேட்டேன். "பழையது என்று எழுதினால் உங்களுக்குத்தான் சார் தொல்லை, ஆயிரம் இடத்துக்கு அலைய வேண்டும்" என்று எனக்கு நன்மை செய்வது போலவே சொன்னார். நாற்பதாயிரத்துக்குக் காசோலை கொடுத்தேன்; மீதி ஆறு லட்சத்தை அவர் கேட்டபடி ரொக்கமாகக் கொடுத்தேன். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் தடை உண்டு என்று எத்தனையோ வாடிக்கையாளர்களுக்கு நானே எடுத்துச் சொல்லியிருக்கிறேன்.

சிலை பழையது என்பதற்கு அவர் காட்டிய பெரிய ஆதாரம் பீடம். உற்சவக் காலத்தில் தண்டு கோத்துத் தூக்கிச் செல்வதற்கான துளைகள் அதில் இருந்தன. "வீதியுலா கண்ட அம்மன் சார்" என்றார். என் உடல் சிலிர்த்தது. உண்மையில் பயந்திருக்க வேண்டும். வீதியுலா கண்ட அம்மன் என்றால் அவள் ஒரு கோயிலுக்கு உரியவள். மிராசுதாரின் பூசையறையில் அவளுக்கு என்ன வேலை? கடிதமும் பீடமும் ஒன்றையொன்று பொய்யாக்கிக் கொண்டிருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

சிங்கப்பூரிலிருக்கும் மகள் சிலையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினாள். நூறாண்டைக் கடந்த சிலையைத் தனியார் எவரும் வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்ல முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. தெளிவு பெறுவதற்காக, நண்பர் மூலம் அறிமுகமான சுவாமிமலை ஸ்தபதி ஒருவரிடம் சிலையை எடுத்துப் போனேன். அவர் சிலையின் முகத்தை இரண்டு நொடி பார்த்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்துப் பீடத்தின் உட்புறத்தைப் பார்த்தார். முதுகு மடிப்பில் படிந்திருந்த பச்சைக் களிம்பை நகத்தால் சுரண்டினார், மாவாக உதிர்ந்தது. நூற்றாண்டுக் களிம்பு உலோகத்தோடு ஒட்டி இறுகியிருக்கும், இது பூசி மண்ணில் புதைத்து எடுத்தது என்று விளக்கினார். அபிஷேகம் கண்ட திருமேனியில் மூக்கும் கன்னமும் தேய்ந்து மழுங்கியிருக்கும். இதில் அரம் போட்ட தடமே கூர்மையாக இருந்தது. "ஐயா, இது எங்க தெரு வேலைதான். செஞ்சவர் மேல தப்பில்ல, நல்ல லட்சணமா செஞ்சிருக்கார். புதுசுன்னு சொல்லித்தான் வித்திருப்பார்" என்றார். நியாயமான விலை எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். விற்பனைச் சீட்டில் இருந்த நாற்பதாயிரத்துக்குப் பக்கத்தில்தான் சொன்னார்.

அன்றிரவு அந்தக் கடிதத்தை, வங்கியில் பத்திரம் படிப்பது போல, முதன்முறையாகப் படித்தேன். அச்சிட்ட முகவரியின் கடைசி வரியில் 613 என்று தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தது. அந்த எண்முறை நம் நாட்டில் தொடங்கியது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதற்குப் பக்கத்தில் மாநிலத்தின் பெயர் 'தமிழ்நாடு' என்று இருந்தது. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14 அன்று. 1968-இல் எழுதியவருக்கு வருங்காலம் நன்றாகத் தெரிந்திருந்தது.

விசித்திரம் என்னவென்றால், பணம் போன வருத்தத்தைவிட முதலில் வந்தது நிம்மதி. அந்த அம்மன் உண்மையிலேயே பழையவளாக இருந்திருந்தால், ஏதோ ஓர் ஊரின் தெய்வத்தை, பதிவுச் சான்று இல்லாமல், கைவினைப் பொருள் என்ற பொய்ச் சீட்டோடு என் வீட்டில் மறைத்து வைத்தவனாக நான் இருந்திருப்பேன். மகள் அதைப் பெட்டியில் வைத்து விமான நிலையத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்கவே முடியவில்லை. அந்த வணிகத்தில் வாங்குகிறவன் வெல்ல வழியே இல்லை: சிலை புதியது என்றால் பணம் போகும், பழையது என்றால் மானம் போகும்.

அந்தச் சேகரிப்பாளரைத் திரும்பச் சந்தித்தபோது காபி கொடுத்துத்தான் உபசரித்தார். கடிதத்தைக் காட்டினேன். "அது நான் எழுதியதா சார்? என் கையெழுத்து இருக்கிறதா?" என்றார். பிறகு விற்பனைச் சீட்டைக் கேட்டு வாங்கி, கைவினைப் பொருள் என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டி, "நான் விற்றது இது, உங்களிடம் இருப்பதும் இதுதானே" என்றார். அப்போதுதான் அந்த இரண்டு தாள்களின் வேலைப் பிரிவினை எனக்கு விளங்கியது. ஒன்று என் ஆசைக்காக, மற்றொன்று அவருடைய பாதுகாப்புக்காக. காவல்துறையில் புகார் கொடுத்திருக்கிறேன். ஆறு லட்சத்துக்குச் சான்று என்ன என்று அங்கே கேட்கிறார்கள், என்னிடம் பதில் இல்லை.

எனவே, பழைய சிலை என்று யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், இந்தியத் தொல்லியல் துறை வழங்கிய விற்பனை உரிமம் அவரிடம் இருக்கிறதா என்றும், அந்தச் சிலைக்குரிய புகைப்படத்தோடு கூடிய பதிவுச் சான்று இருக்கிறதா என்றும் முதலில் கேளுங்கள். இல்லையென்றால் கதையைக் கேட்பதற்குக்கூட உட்காராதீர்கள். புதிய சிலை வேண்டுமென்றால் சுவாமிமலைக்கே நேராகப் போய், மெழுகில் உரு பிடிக்கும்போதே பார்த்து, புதியது என்று எழுதிய சீட்டோடு வாங்கலாம். வாய்மொழியாக ஒன்றும் சீட்டில் வேறொன்றும் வந்தால், சீட்டில் இருக்கும் விலைக்குமேல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அம்மன் இப்போது எங்கள் பூசையறையில்தான் இருக்கிறாள். பச்சையைத் தேய்த்துக் கழுவிய பிறகு முகம் தெளிவாகிவிட்டது. சென்ற மாதம் வேறோர் ஊரிலிருந்து ஒருவர், நண்பரின் நண்பர், அந்தச் சேகரிப்பாளரின் வீட்டில் ஒரு நடராஜரைப் பார்த்துவிட்டு வந்ததாகவும், கூடவே ஒரு பழைய குடும்பத்தின் கடிதம் இருப்பதாகவும் தொலைபேசியில் சொன்னார். முகவரியின் கடைசி வரியைப் படிக்கச் சொன்னேன். ஆறு இலக்கங்களையும் ஒவ்வொன்றாகப் படித்தார்.