விஸ்டா ஒரு பக்கம், ஏஐ ஒரு பக்கம்: மெமரி சிப் பங்குக்கு எது பலம்?

"மாமா, ஏஐ வந்தாச்சு. மெமரிக்கு இனி இறக்கமே கிடையாது. மைக்ரான் வாங்கிடட்டுமா?" பெங்களூருவிலிருந்து கோத்தகிரி வந்திருந்த அக்கா மகன் கேட்டான். மைக்ரான், மெமரி சிப் செய்யும் அமெரிக்கக் கம்பெனி. புது மென்பொருள் வந்தால் மெமரி விற்கும், சரி. பங்கும் ஏறும் என்பதைத்தான் என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

2007 ஜனவரியில், கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளான விண்டோஸ் விஸ்டா கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய எக்ஸ்பிக்கு 128 எம்பி மெமரி போதும் என்ற மைக்ரோசாஃப்ட், விஸ்டாவின் முழு வசதிக்கு 1 ஜிபி கேட்டது. எட்டு மடங்கு! அதை நம்பி டிராம் (கம்ப்யூட்டரின் வேலை மெமரி) செய்யும் கம்பெனிகள் உற்பத்தியைப் பெருக்கின. சரக்கு தேங்கி, அந்த வருடமே விலை சரிந்தது. ஜெர்மனியின் கிமோண்டா 2009-இல் திவாலானது, ஜப்பானின் எல்பிடா 2012-இல். எல்பிடாவை அடுத்த வருடம் வாங்கியது இதே மைக்ரான்தான்.

ஏஐ அதைவிடப் பலமானது என்றே நினைக்கிறேன். விஸ்டா கேட்டது சாதாரண மெமரி, பல கம்பெனிகள் செய்தன. ஏஐ கேட்கும் எச்பிஎம் என்ற அதிவேக மெமரி, சிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று பெரிய கைகள் மூன்றே. அதே அளவு சாதாரண டிடிஆர்5 மெமரிக்கு ஆவதைப்போல் சுமார் மூன்று மடங்கு வேஃபரை (சிப் வெட்டும் சிலிக்கான் தகடு) எச்பிஎம் விழுங்குகிறது என்கிறது மைக்ரான். அதனால் லேப்டாப் மெமரிக்கும் தட்டுப்பாடு வரும். வாங்குபவர்களும் முன்கூட்டியே ஒப்பந்தம் போடுகிறார்கள்.

ஆனால் அந்த வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். சிக்கனமாக ஓடும் சீன ஏஐ டீப்சீக் வந்த பரபரப்பில், 2025 ஜனவரி 27 அன்று ஏஐ சிப் கம்பெனியான என்விடியாவின் பங்கு ஒரே நாளில் சுமார் 17 சதவீதம் விழுந்தது. மைக்ரானும் கூடவே இறங்கியது. இன்னொன்று, சாட்ஜிபிடி வந்தது 2022 நவம்பரில். அது வந்த அதே நிதியாண்டில் (2023 ஆகஸ்டில் முடிந்தது) மைக்ரானுக்கு 580 கோடி டாலர் நஷ்டம்! போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் செய்த சரக்கு அவ்வளவு தேங்கியிருந்தது.

இது எங்கள் மலைக்குத் தெரிந்த கதை. விலை நன்றாக இருந்தபோது இங்கே காய்கறி நிலமெல்லாம் தேயிலையானது. நட்ட செடி கொழுந்து கொடுக்க மூன்று வருடம் ஆகும். 1990-களின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தபோது செடியைப் பிடுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. சிப் ஆலை கட்டி முடிக்கவும் ஏறக்குறைய அதே காலம்தான்.

"மொத்தமா போடாதேடா, பிரிச்சுப் போடு. மூணு கம்பெனியும் ஆலைக்கு எவ்வளவு கொட்டுறாங்க, குடோன்ல எத்தனை நாள் சரக்கு இருக்குன்னு காலாண்டுக்கு ஒருமுறை பாரு" என்றேன். ராத்திரி முழுக்க மைக்ரானின் அறிக்கையைப் படித்துக்கொண்டிருந்தான்.