கிரியேட்டின் மோனோஹைட்ரேட் பவுடர்: 4 மாதம் குடித்த பிறகு

எனக்கு 58 வயது. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுந்திருக்க முடியவில்லை என்று தெரிந்த அன்றுதான் பளு தூக்கும் பயிற்சியில் சேர்ந்தேன். வாரம் 3 நாள். அதோடு சேர்த்துக் குடிப்பது, வாசனையோ நிறமோ இனிப்போ போடாத இந்த வெள்ளைப் பவுடர். டப்பாவின் பின்பக்கம் மூலப்பொருள் என்று ஒரே வரிதான் இருக்கிறது: கிரியேட்டின் மோனோஹைட்ரேட். எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அந்த ஒரு வரிதான்.

முதலில் வாங்கியது வேறொன்று. பழ வாசனையோடு பத்துப் பன்னிரண்டு சரக்கு சேர்த்த கலவை. மொத்தம் இத்தனை கிராம் என்று போட்டிருந்தார்கள். அதில் கிரியேட்டின் எவ்வளவு என்று போடவில்லை. கஃபீன் வேறு. சாயங்காலம் குடித்தேன், விடியும்வரை தூக்கமில்லை. அதோடு நிறுத்திவிட்டேன்.

கிரியேட்டின் புதிய பொருள் ஒன்றும் இல்லை. 1832இலேயே செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியிலிருந்து பிரித்தெடுத்தார். நம் உடம்பும் தினமும் ஏறக்குறைய 1 கிராம் தயாரிக்கிறது. பளுவைத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் தசையில் செலவாகும் ஏடிபியை (செல்களுக்கு ஆற்றல் தரும் பொருள்) உடனுக்குடன் ஈடுகட்டுவது இதுதான். உணவில் கிடைப்பது பெரும்பாலும் இறைச்சி, மீனிலிருந்து. நான் சைவம். சைவம் சாப்பிடுகிறவர்களின் தசையில் இருப்பு குறைவு என்று படித்துத்தான் இதை ஆரம்பித்தேன்.

முதல் வாரம் தினம் 20 கிராம் எடுக்கச் சொல்கிறது டப்பா. நான் எடுக்கவில்லை. தினம் 3 கிராம் எடுத்தாலே 28 நாளில் தசையில் கிரியேட்டின் கிட்டத்தட்ட அதே அளவு நிரம்பிவிடும் என்று ஹல்ட்மன் என்ற ஆய்வாளரின் குழு 1996இல் காட்டியிருக்கிறது. 55 வயதைத் தாண்டியவர்களுக்கு, பளுப் பயிற்சியோடு சேர்த்தால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஏற்றுக்கொண்ட அளவும் அதே 3 கிராம்தான். கூட வரும் கரண்டியைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: தலைதட்டி அள்ளினால் 5 கிராம், குவித்து அள்ளினால் 7. அதனால் அரைக் கரண்டிக்குச் சற்று மேல் போடுகிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் சரியாகக் கரையாது. வெதுவெதுப்பான தண்ணீர் பரவாயில்லை. அப்போதும் டம்ளர் அடியில் நைசான மணல் மாதிரி கொஞ்சம் தங்கும். இன்னும் ஒரு வாய் தண்ணீர் விட்டு அலசிக் குடித்துவிட வேண்டும்.

முதல் மாதம் எடை 1 கிலோ கூடியது. அது தசையில் சேரும் நீர், பயப்பட வேண்டாம். 8 முறை தூக்கிய பளுவை இப்போது 11 முறை தூக்குகிறேன். கை ஊன்றாமல் எழுந்திருக்கிறேன். பவுடரை மட்டும் குடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஒரே ஒரு மனக்குறை. மூன்றாம் மாத ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) கூடுதலாக வந்து, சிறுநீரகம் போய்விட்டதோ என்று இரண்டு நாள் தவித்தேன். கிரியேட்டின் உடைந்துதான் கிரியேட்டினின் ஆகிறது என்று டாக்டர் விளக்கி, சிறுநீரகத்தை வேறு வழியில் சோதிக்கும் சிஸ்டாட்டின் சி என்ற ரத்தப் பரிசோதனையைப் பார்க்கச் சொன்னார். அது சரியாக இருந்தது. இதைப் பற்றி டப்பாவில் ஒரு வார்த்தை இல்லை. பரிசோதனைக்குப் போகும்போது இதைக் குடிப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.