‘சங்க உறுப்பினர்’ முத்திரையை நம்பி லாரியில் சாமான் ஏற்றாதீர்கள்

பெங்களூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வீடு மாற்றுகிறவர்கள், முக்கியமாகப் பள்ளி விடுமுறையை ஒட்டி ஏப்ரல், மே மாதங்களில் கிளம்புகிறவர்கள், இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் கொட்டேஷனின் மூலையில் ஒரு சங்கத்தின் முத்திரையும் உறுப்பினர் எண்ணும் இருந்தால், ஏதாவது ஆனால் கேட்க ஆள் இருக்கிறது என்று மனசு ஆறிவிடுகிறது. அந்த ஆறுதலுக்கு என்ன விலை என்று பெங்களூரின் ஈஜிபுராவிலிருந்து திருநெல்வேலிக்குப் போன ஒரு குடும்பத்தின் கதையை வைத்தே சொல்லலாம். நிறுவனத்தின் பெயரும் சங்கத்தின் பெயரும் வேண்டாம். இது ஒருவரோடு நிற்கிற வேலை இல்லை.

வாட்ஸ்அப்பில் வந்த கொட்டேஷன் 24,000 ரூபாய், பேக்கிங், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் சேர்த்து. அட்வான்ஸ் 5,000. சாமான் ஏறும்வரை ‘சார், மேடம்’ என்று குழைவான பேச்சு. லாரி கிளம்பிய மறுநாள் காலையில் வேறொரு எண்ணிலிருந்து அழைப்பு: சொன்னதைவிட சாமான் அதிகம், மொத்தம் 41,000 ஆகிறது, கட்டினால்தான் வண்டி நகரும். லாரி அப்போது பொம்மசந்திரா பக்கம் ஏதோ ஒரு கோடவுனில் நின்றது. கட்டினார்கள். சில நாள் கழித்து வேறு லாரி, வேறு டிரைவர். ஃப்ரிட்ஜின் பக்கவாட்டு நசுங்கி கம்ப்ரெஸர் ஓடவில்லை. பாத்திரப் பெட்டி ஒன்று வந்து சேரவே இல்லை. ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு டிரைவர் போய்விட்டார்.

நிறுவனம் போனை எடுக்கவில்லை. கொட்டேஷனில் இருந்த சங்கத்துக்கு எழுதினார்கள். புகார் பதிவானது, உறுப்பினருக்குப் போனது, அவர் அவகாசம் கேட்டார், பிறகு மறுத்தார், குறைதீர்ப்புக் குழு கூடுவது இரண்டு முறை தள்ளிப்போனது. எட்டு மாதம் முடிந்தபோது உறுப்பினருக்கு எச்சரிக்கைக் கடிதமும் ஓர் அபராதமும் விதித்தார்கள். குடும்பத்துக்கு ‘நல்லெண்ணத் தொகை’ 4,000 ரூபாய், அதுவும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு. அபராதம் யாருக்குப் போனது என்று கேட்டால் பதில் எளிது: சங்கத்தின் கணக்குக்கு.

இதில் சங்கம் விதியை மீறியதாகக்கூடச் சொல்ல முடியாது. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

வணிகச் சங்கம் என்பது பெரும்பாலும் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவான, தொழில்காரர்கள் சந்தா கட்டி நடத்தும் ஓர் அமைப்பு. அதற்கு உறுப்பினர்மீது இருக்கும் அதிகாரம் அதன் துணைவிதியில் எழுதியிருப்பது மட்டுமே: விளக்கம் கேட்கலாம், எச்சரிக்கலாம், அபராதம் போடலாம், உறுப்பினர் தகுதியை நிறுத்தி வைக்கலாம், நீக்கலாம். சாட்சிக்குச் சம்மன் அனுப்ப முடியாது, கோடவுனைத் திறக்கச் சொல்ல முடியாது, உங்களுக்கு இவ்வளவு பணம் கொடு என்று உத்தரவிட முடியாது. சொன்னாலும் அதை நிறைவேற்ற வழி இல்லை. வழக்கறிஞர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் சட்டமும், பட்டயக் கணக்கர்களுக்கு 1949-ஆம் ஆண்டின் சட்டமும் இருப்பதால் அந்தச் சட்டங்களின் கீழ் வரும் அமைப்புகள் பெயரை நீக்கினால் அவர்களால் தொழில் செய்ய முடியாது. லாரி புக்கிங் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டவர் மறுநாளே அதே கோடவுனில் உட்கார்ந்து அடுத்த போனை எடுக்கலாம்.

நீக்குவதுகூட அவ்வளவு சுலபம் இல்லை. நோட்டீஸ் கொடுக்காமல், அவர் பக்கத்தைக் கேட்காமல் நீக்கினால் அவர் சிவில் நீதிமன்றம் போய்த் தடை வாங்கிவிடலாம். வழக்குச் செலவு சங்கத்தின் தலையில் விழும். அதனால் நிர்வாகிகளுக்கு ‘சமரசம்’ என்ற சொல்மீது ஒரு தனிப் பிரியம். குழுவில் உட்காருகிறவர்களும் அதே தொழில்காரர்கள்தான். ஒன்று அந்த உறுப்பினரின் நண்பர், அல்லது போட்டியாளர். நண்பர் இழுத்தடிப்பார். போட்டியாளருக்கு அவரை வெளியே தள்ளுவதில் இருக்கும் அக்கறை உங்கள் ஃப்ரிட்ஜில் இருக்காது. இன்னொரு ஓட்டையும் உண்டு. விசாரணை சூடுபிடிக்கும்போது உறுப்பினரே ராஜினாமா கொடுத்துவிடுவார். ‘இப்போது அவர் எங்கள் உறுப்பினர் இல்லை’ என்று கோப்பு மூடப்படும்.

இந்தத் தாமதம் வெறும் எரிச்சலோடு முடிந்தால் பரவாயில்லை. பெரிய நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, சாமான் தொலைந்ததற்கோ சேதமானதற்கோ வழக்குப் போட வேண்டுமானால், அதற்கு முன்பே எழுத்துமூலம் நோட்டீஸ் அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அதற்குக் கெடு 180 நாள். அந்த 180 நாளும் சாமான் வந்து சேர்ந்த நாளிலிருந்து ஓடுவதில்லை, புக்கிங் செய்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். சங்கத்துக்கு எழுதிய புகார் நிறுவனத்துக்குக் கொடுத்த நோட்டீஸ் ஆகாது. சங்கத்தில் விசாரணை நடக்கிறது என்பதற்காகக் கடிகாரமும் நிற்காது. ஈஜிபுரா குடும்பத்துக்கு ஃப்ரிட்ஜும் பாத்திரப் பெட்டியும் போனது இப்படித்தான். கூடுதலாகப் பறித்த 17,000 ரூபாய் தொலைந்த பொருள் கணக்கில் வராது, அதற்கு இந்த 180 நாள் கெடு கிடையாது. நுகர்வோர் சட்டத்தின் இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் கேட்டிருக்கலாம். ஆனால் 4,000-க்குப் போட்ட கையெழுத்து அதையும் அடைத்துவிட்டது.

ஆகவே முதல் வேலை நோட்டீஸ். வக்கீல்தான் எழுத வேண்டும் என்று இல்லை. புக்கிங் தேதி, எல்.ஆர். (சரக்கை ஏற்றிக்கொண்டதற்கு நிறுவனம் தரும் ரசீது) எண், எந்தப் பொருள் என்ன ஆனது, அதன் மதிப்பு, எத்தனை நாளுக்குள் என்ன வேண்டும், இவ்வளவு இருந்தால் போதும். கொட்டேஷனில் இருக்கும் முகவரியை மட்டும் நம்பாதீர்கள். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அவர்களுடைய எண்ணைப் போட்டால் பதிவான தொழில் முகவரி வரும். இரண்டுக்கும் ஸ்பீடு போஸ்டில், சேர்ப்பித்த சான்றுடன் அனுப்புங்கள். மின்னஞ்சலிலும் ஒரு நகல் போகட்டும். மறுத்துத் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள். சரியான முகவரிக்குப் போய் மறுக்கப்பட்ட தபால் பொதுவாகச் சேர்ந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ‘நாங்கள் வெறும் புரோக்கர், லாரி எங்களுடையது இல்லை’ என்று பதில் வந்தால் பதற வேண்டாம். அந்தச் சட்டத்தின் விளக்கத்திலேயே புக்கிங் கம்பெனி, ஏஜென்ட், புரோக்கர் எல்லோரும் அடங்குகிறார்கள்.

எல்.ஆர். என்று சொன்னேன். தமிழ்நாட்டு லாரி செட்டுகளில் எல்லோருக்கும் தெரிந்த சொல். வடக்கத்திக்காரர்கள் பில்டி என்பார்கள். அதைக் கொடுப்பது சட்டப்படி நிறுவனத்தின் கடமை. எத்தனை உருப்படி, என்ன நிலை என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. வெறும் ‘வீட்டு சாமான் 1 லோட்’ என்று எழுதித் தந்தால் வாங்காதீர்கள். பெட்டிகளுக்கு எண் போட்டு, மொத்தம் இத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். மதிப்பு என்ற கட்டத்தில் அவர்களே 50,000 என்று போட்டுவிடுவார்கள். நிறுவனத்தின் பொறுப்பு சரக்குக் கட்டணத்தின் பத்து மடங்கோடு நின்றுவிடும். அதிலும் நீங்கள் அறிவித்த மதிப்பைத் தாண்டாது. நிறுவனம் கூடுதல் பொறுப்பேற்பதற்காக அதிக ரிஸ்க் கட்டணம் கொடுத்து ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் கதை வேறு. கொட்டேஷனைப் பேக்கிங், கூலி, சரக்குக் கட்டணம் என்று பிரித்துக் கடைசியை மட்டும் சிறிதாகக் காட்டுவதில் இந்தக் கணக்கும் ஒளிந்திருக்கிறது.

‘இன்சூரன்ஸ்’ என்று மதிப்பில் ஒரு சதவீதம் வாங்குவார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் பாலிசி எண்ணும் உள்ள சான்றிதழ் கையில் வராத வரை அது இன்சூரன்ஸ் இல்லை, கூடுதல் வாடகை.

சாமான் இறங்கும்போது டிரைவர் அவசரப்படுத்துவார், அடுத்த லோட் இருக்கிறது என்பார். சீட்டில் கையெழுத்துக்கு மேலே உங்கள் கையாலேயே ‘ஃப்ரிட்ஜ் நசுங்கியுள்ளது, பெட்டி 14 வரவில்லை, மற்றவை பிரித்துப் பார்க்கவில்லை’ என்று எழுதிவிட்டுப் போட்டோ எடுங்கள். எழுத விடாவிட்டால் அங்கேயே நின்று நிறுவனத்தின் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் படத்தோடு அதே வரியை அனுப்பிவிடுங்கள். நேரமும் பதிவாகும்.

பணம் கேட்டு லாரியை நிறுத்தினால்? சங்கம் உண்மையிலேயே உதவக்கூடிய ஒரே கட்டம் இதுதான் என்பது என் கணிப்பு. இந்தத் தொழிலில் ஒருவர் கோடவுனை இன்னொருவர் பயன்படுத்துவார், திரும்பி வரும் வண்டிக்கு லோட் ஒருவர்க்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். செயலாளர் ஒரு போன் போட்டு ‘ஏன்ப்பா, பேரைக் கெடுக்கிறே’ என்றால் மாலைக்குள் வண்டி நகர்ந்த சந்தர்ப்பங்கள் உண்டு. துணைவிதியில் இல்லாத இந்த அதிகாரம்தான் அவரிடம் இருக்கும் நிஜ அதிகாரம். அதற்குச் சாமான் இன்னும் அவர்கள் கையில் இருக்க வேண்டும், நீங்கள் அன்றைக்கே கூப்பிட வேண்டும். பணம் கைமாறிச் சாமான் வந்து இறங்கிய பிறகு அந்த போனுக்கு மதிப்பில்லை.

அதே நேரத்தில் 112-ஐயும் கூப்பிடுங்கள். ஸ்டேஷனில் ‘இது சிவில் மேட்டர்’ என்று எண்டார்ஸ்மென்ட் (புகாரை முடித்துவைக்கும் குறிப்பு) எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது பெங்களூரில் வழக்கம். புகாரில் விலைத் தகராறு என்று எழுதினால் அப்படித்தான் ஆகும். ஒப்படைத்த பொருளைச் சரக்கு ஏற்றிச் செல்பவர் திருப்பித் தர மறுக்கிறார் என்று எழுதுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316(3) இதற்கென்றே இருக்கிறது, ஏழு ஆண்டு வரை சிறை. அப்போதும் புகாரை வாங்க மறுத்தால் டி.சி.பி.க்கு (துணை போலீஸ் கமிஷனர்) தபாலில் அனுப்பலாம். கன்னடத்தில் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் கூட வந்தால் ஸ்டேஷனில் வேலை வேகமாக நடக்கும், இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. வேறு வழியே இல்லாமல் பணம் கட்டுவதானால் டிரைவர் எண்ணுக்கு அனுப்பாதீர்கள், நிறுவனத்தின் கணக்குக்கு அனுப்புங்கள். யு.பி.ஐ. குறிப்பில் ‘எதிர்ப்புடன்’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதைப் பெரிய மலையாக நினைக்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். அதுவும் சமரச முயற்சிதான், ஆனால் பதிவு எண் கிடைக்கும். அதில் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளத்தில் புகார் தாக்கல் செய்யலாம். நீங்கள் கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் தாக்கல் கட்டணமே கிடையாது. பலருக்குத் தெரியாத ஒன்று: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் இப்போது குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். திருநெல்வேலிக்குக் குடிபோனவர் திருநெல்வேலியிலேயே போடலாம். கொட்டேஷனின் அடியில் ‘பெங்களூரு நீதிமன்ற எல்லைக்கு உட்பட்டது’ என்று பொடி எழுத்தில் இருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம்.

சரி, சங்கத்துக்கு எழுதவே வேண்டாமா? எழுதுங்கள், ஆனால் பணம் கேட்டு எழுதாதீர்கள், காகிதம் கேட்டு எழுதுங்கள். புக்கிங் தேதியில் இந்த நிறுவனம் உறுப்பினரா, எந்தப் பெயரில், பதிவில் உரிமையாளர் யார், உங்கள் புகாருக்கு அவர் கொடுத்த எழுத்துபூர்வமான பதிலின் நகல் எங்கே என்று கேளுங்கள். அந்தப் பதில் தங்கம். ஆணையத்தில் இவர்கள் வழக்கமாக எடுக்கும் முதல் வாதம் ‘எங்கள் பெயரைப் போட்டு வேறு யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள்’ என்பது. ‘வாடிக்கையாளரின் சாமான் அதிகமாக இருந்ததால் கூடுதல் கட்டணம் கேட்டோம்’ என்று சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவர் பிறகு அப்படிச் சொல்ல முடியாது. சமரசத் தொகை கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ‘பகுதித் தொகை, மீதிக் கோரிக்கை நிலுவையில்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதற்கு ஒப்பாவிட்டால் அந்தத் தொகையை விட்டுவிடுவது லாபம்.

புக்கிங்குக்கு முன்பாக ஐந்து நிமிட வேலை ஒன்று. ஜி.எஸ்.டி. எண் 15 எழுத்து. கர்நாடகம் என்றால் 29-இல் தொடங்கும். அடுத்த பத்து எழுத்து உரிமையாளரின் பான் எண். அந்தப் பானின் நான்காவது எழுத்து தனிநபர் என்றால் பி, கூட்டு நிறுவனம் என்றால் எஃப், கம்பெனி என்றால் சி. கொட்டேஷனில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று இருந்து எண்ணில் பி வந்தால் அங்கேயே பொய். ‘20 ஆண்டு அனுபவம்’ என்பவரின் பதிவுத் தேதி போன வருடமாக இருந்தால் காரணம் கேளுங்கள். சங்கம் நீக்கியவர் பலகையில் புதுப் பெயர் எழுதி வரலாம், பான் எண்ணைப் புதிதாக எழுத முடியாது. பழைய பெயரின் எண்ணும் புதுப் பெயரின் எண்ணும் நடுவில் ஒன்றாக இருந்தால் ஆளும் ஒன்றுதான். மனைவி பெயரிலோ தம்பி பெயரிலோ தொடங்கியிருந்தால் இது பிடிபடாது. அப்போது போன் எண்ணையும் கோடவுன் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன ஆட்களும் நேர்மையாகத் தொழில் செய்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் பதிவு இல்லாதவர் பில்லில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று தனியாக வரி போட்டிருந்தால், அவருக்கு அதை வசூலிக்கவே உரிமை கிடையாது.