ஜூடோ முன்னேற்றத்தைக் குறித்துவைக்க எது ஏற்றது: வாட்சா, விரிதாளா, நோட்டா?

வாரத்தில் மூன்று மாலைகள் ஜூடோ, இரண்டு காலைகள் எடைப் பயிற்சி என்று ஐந்து ஆண்டுகளைக் கடந்துவிட்ட நான், என் முன்னேற்றத்தைக் குறித்துவைக்க மூன்று வழிகளைக் கையாண்டு பார்த்திருக்கிறேன். முதல் எட்டு மாதங்கள் ஸ்மார்ட் வாட்சும் அதனோடு வந்த செயலியும், அடுத்த ஓராண்டு கூகுள் ஷீட்ஸ் விரிதாள், அதன்பின் இன்றுவரை கடையில் அறுபது ரூபாய்க்குக் கிடைக்கும் கெட்டி அட்டை நோட்டு. நான் நோட்டின் பக்கம் நிற்பவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் மற்ற இரண்டையும் முழுதாகக் கைவிடவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஜூடோவில் குறிப்பெடுப்பது மற்ற விளையாட்டுகளைப் போல எளிதல்ல. ஓடுபவருக்குக் கடிகாரம் இருக்கிறது, எடை தூக்குபவருக்குத் தட்டின் மீது எண்ணே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஜூடோக்காரருக்கு அளவுகோல் எதிரே நிற்கும் மனிதர்தான், அந்த அளவுகோலும் நம்மோடு சேர்ந்து வளர்ந்துகொண்டே போகிறது. சென்ற மாதம் ஒருவரை ரண்டோரியில், அதாவது தடையின்றி மோதும் பயிற்சியில், மூன்று முறை வீழ்த்தினேன், இந்த மாதம் ஒரு முறைதான் என்றால், நான் பின்தங்கினேனா அவர் முன்னேறினாரா என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. பெல்ட்டின் நிறம் ஓர் அளவுகோல்தான். ஜூடோவின் முதல் பள்ளியான கோடோகானை 1882இல் தொடங்கிய ஜிகோரோ கானோ அடுத்த ஆண்டே தம் மாணவர் இருவருக்கு முதல் டான் (தேர்ந்தவர்களுக்கான முதல் படி) தகுதியை வழங்கி இந்தத் தரவரிசைக்கு வித்திட்டார். ஆனால் எனக்குப் பச்சை பெல்ட்டுக்கும் நீல பெல்ட்டுக்கும் இடையே பதினாறு மாதங்கள் கடந்தன. அத்தனை நீண்ட இடைவெளிக்குள் என்ன நடந்தது என்பதை அறியத்தான் குறிப்பே தேவைப்படுகிறது.

விலை, அழகு, வரைபடம் போன்றவற்றில் எது மேல் என்பது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவற்றில் நேரம் செலவிடவில்லை. வரைபடத்தில் நோட்டு தோற்கும், விலையில் வாட்ச் தோற்கும், அவ்வளவுதான்.

வாட்சின் முதல் சிக்கல், அதை மேட்டில் (ஜூடோ விரிப்பில்) அணியவே முடியாது என்பது. போட்டி விதிகள் உலோகத்தையும் கடினமான பொருள்களையும் உடலில் அனுமதிப்பதில்லை. பயிற்சியிலும் அதே ஒழுங்குதான். விதி தெரிந்தும் ஒருநாள் நான் வாட்சைக் கழற்ற மறந்து இறங்கி, உடன் பயில்பவரின் கன்னத்தில் ஒரு நீண்ட கீறல் விழக் காரணமானேன். துடிப்பை அளக்க மார்பில் கட்டும் பட்டையை முயன்றேன். வீசாமல் நுழைவை மட்டும் திரும்பத் திரும்ப நின்று செய்யும் உச்சிகோமி வரை அது சொன்ன இடத்தில் இருக்கும், தரைப்பிடியான நே-வாசா தொடங்கி எண்பது கிலோ எடையுள்ள ஒருவர் மேலே அமர்ந்ததும் வயிற்றுக்கு இறங்கிவிடும், அல்லது நெஞ்செலும்பை அழுத்தும். இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் செயலி இறுதியில் தருவது இதயத் துடிப்பும் கலோரியும்தான். சென்னையின் மே மாதத்தில், மின்விசிறி மட்டுமே உள்ள கூடத்தில், குளிர்காலத்தில் செய்த அதே பயிற்சிக்குத் துடிப்பு கூடுதலாகவே இருக்கும். செயலியோ அதை நான் கடுமையாக உழைத்ததாக எடுத்துக்கொண்டு பாராட்டும். தொண்ணூறு நிமிடப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தபோது ஒன்றரைக் கிலோ குறைந்திருந்த நாள்கள் உண்டு. அது பெரும்பாலும் வியர்வை என்பதை ஒரு வரியில் எழுதிவிட்டால், மறுநாள் தூக்கும் எடை ஏன் குறைந்தது என்பது விளங்கிவிடும்.

இருப்பினும் வாட்சை விற்றுவிடவில்லை. காலையில் எழுந்தவுடன் காட்டும் ஓய்வுநிலைத் துடிப்பு எனக்குப் பயனுள்ள எண்ணாக இருக்கிறது. வழக்கத்தைவிட எட்டோ பத்தோ கூடியிருந்தால், காய்ச்சலோ தூக்கக் குறைவோ இருக்கிறது என்று கொண்டு அன்று ரண்டோரியைக் குறைத்துக்கொள்கிறேன்.

விரிதாள் எடைப் பயிற்சிக்கு மிக நன்றாகப் பொருந்துகிறது, அதில் எனக்கு ஐயமே இல்லை. 100 கிலோ டெட்லிஃப்ட்டை ஐந்து முறை தூக்கினால், எடையோடு அதன் முப்பதில் ஐந்து பங்கைக் கூட்டும் எப்லி சூத்திரத்தின்படி ஒரே முறையில் தூக்கக்கூடிய எடை ஏறத்தாழ 116.7 கிலோ என்று அதுவே கணக்கிட்டுத் தருகிறது. பயிற்சியின் மொத்தச் சுமையைக் கணக்கிடும் எளிய முறையும் அதில் நன்றாக அமைகிறது: பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்குச் சுழியம் முதல் பத்து வரை நாமே ஓர் எண் கொடுத்து, அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்க வேண்டும். தொண்ணூறு நிமிட வகுப்புக்கு ஏழு கொடுத்தால் 630. வாரத்தின் எல்லா நாள்களையும் கூட்டினால், ஜூடோவும் எடைப் பயிற்சியும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. சென்ற வாரத்தைவிட இந்த வாரம் திடீரென ஒன்றரை மடங்கானால் அந்தக் கூட்டுத்தொகையே எச்சரித்துவிடும்.

ஜூடோவின் குறிப்புக்கும் இதே விரிதாளை நீட்டியதுதான் நான் செய்த பிழை. ஆர்வ மிகுதியால் இருபத்திரண்டு பத்திகள் வைத்தேன்: எதிராளி, அவர் எடை, பிடி, முயன்ற வீச்சு, முழுப் புள்ளியான இப்போனா அதற்கு அடுத்த வாசா-அரியா, எத்தனை ஷிடோ (சிறு தண்டனை) என்று நீண்டுகொண்டே போகும். முதல் மாதம் முழுமையாக நிரம்பியது. இரண்டாம் மாதத்தில் பத்திகளில் பாதி வெறுமையாகக் கிடந்தன. மூன்றாம் மாதத்தில், ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு அமர்ந்து, அந்த வாரத்தின் மூன்று வகுப்புகளையும் நினைவிலிருந்து நிரப்பத் தொடங்கினேன். செவ்வாய்க்கிழமை எந்த வீச்சு எங்கே தடைப்பட்டது என்பது ஞாயிற்றுக்கிழமை யாருக்கு நினைவிருக்கும்? நான் எழுதியது குறிப்பல்ல, கற்பனை. என்னோடு பயிலும் நண்பர் ஒருவர் இன்றும் விரிதாளில்தான் எழுதுகிறார். 2025இல் வாசா-அரிக்கும் கீழான யூகோ புள்ளி மீண்டும் விதிகளுக்குள் வந்தபோது, தம் கணக்குகளை எல்லாம் அவர் திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. எனக்கு ‘யூ’ என்று ஓர் எழுத்து எழுதினால் போதுமானதாக இருந்தது.

என் தேர்வைத் தீர்மானித்தது இந்தப் பராமரிப்புச் சுமைதான். எந்த வழி கூடுதலான தகவலைத் தருகிறது என்பது எனக்கு இரண்டாம்பட்சமாகிவிட்டது. ஆறு ரண்டோரிச் சுற்றுகள் முடிந்த பிறகு கை எப்படி இருக்கும் என்பதை அனுபவித்தவர் அறிவார்: பிடித்துப் பிடித்து விரல் மூட்டுகள் வீங்கி, முன்கை இறுகி, வியர்வையில் திரை தொடுதலையே ஏற்காது. அந்தக் கையால் கைப்பேசியைத் திறந்து, கோப்பைத் தேடி, சிறிய கட்டங்களில் தட்டச்சு செய்வதற்குப் பத்து நிமிடங்களாவது ஆகும். அதற்குள் இரண்டு செய்திகள் வந்து கவனத்தைக் கலைத்துவிடும். நோட்டில் அதே வேலை மூன்று நிமிடத்தில் முடிகிறது. நானாக வகுத்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றுதான்: ஜூடோ உடையை மடித்துப் பைக்குள் வைப்பதற்கு முன் எழுதிவிட வேண்டும். வீட்டுக்குப் போய் எழுதலாம் என்று நினைத்த நாள்களில் எழுதியதே இல்லை.

எழுதுவதும் மூன்றே வரிகள். முதல் வரியில் யார் யாரோடு எத்தனை சுற்று, அவர்கள் என்ன எடை என்பது. இரண்டாவது வரி முக்கியமானது: நான் தனியாகக் கவனம் செலுத்தும் வீச்சை எத்தனை முறை முயன்றேன், ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் உடைந்தது என்பது. ஒரு வீச்சில் எதிராளியின் சமநிலையைக் குலைக்கும் குசுஷி, அவருக்குள் நுழைந்து நம் உடலைப் பொருத்திக்கொள்ளும் த்சுகுரி, வீசி முடிக்கும் காகே என்று மூன்று கட்டங்கள் உண்டு. ‘கு’, ‘த்சு’, ‘கா’ என்று முதலெழுத்துகளை மட்டும் எழுதிவிடுவேன். மூன்றாவது வரி, மாஸ்டர் அன்று சொன்ன ஒரு திருத்தம்.

ஒரு காலாண்டின் முடிவில் இந்த எழுத்துகளை எண்ணியபோது, நான் கவனம் செலுத்திய தோள் வீச்சான செயோ-நாகேவில் 74 முயற்சிகள் இருந்தன, அவற்றில் 41 ‘த்சு’வில் உடைந்திருந்தன, ‘கா’வில் உடைந்தவை ஆறே ஆறு. அதுவரை நான் என் குறை வலிமையில் இருக்கிறது என்றே உறுதியாக நம்பி, டெட்லிஃப்ட்டில் எடையைக் கூட்டிக்கொண்டே போயிருந்தேன். விரிதாளின் கோடும் மாதந்தோறும் அழகாக ஏறிக்கொண்டிருந்தது. உண்மையில் முடிக்கும் வலிமை எனக்குப் போதுமானதாகவே இருந்தது. எதிராளியின் பிடி இறுகும்போது உள்ளே திரும்பி நுழைவதற்கு முன்னரே என் இழுகை தளர்ந்துவிடுவதுதான் குறை. அதற்குப் பிறகு காலைப் பயிற்சியை மாற்றினேன். டெட்லிஃப்ட்டை வாரம் ஒரு முறையாகக் குறைத்து, பழைய ஜூடோ உடை ஒன்றைக் கம்பியின் மீது போட்டு அதன் கழுத்துப்பட்டையைப் பற்றித் தொங்குவதையும் புல்-அப் எடுப்பதையும் சேர்த்தேன். மாலையில் நின்ற இடத்து உச்சிகோமிக்குப் பதில் நகரும் எதிராளியோடு செய்யத் தொடங்கினேன். அடுத்த காலாண்டில் ‘த்சு’ பாதிக்கும் கீழே இறங்கியது. உடற்பயிற்சியில் எதைச் செய்ய வேண்டும் என்பதை மேட்டில் எடுத்த குறிப்பு முடிவு செய்தது எனக்கு அதுவே முதல் முறை.

காயத்தின்போதும் நோட்டு நன்றாகவே நடந்துகொண்டது. விலா எலும்பில் அடிபட்டு ஏழு வாரங்கள் மேட்டுக்குப் போகாதிருந்தபோது, ‘விலா’ என்ற ஒரே சொல்லோடு பக்கம் வெறுமையாக இருந்தது. திரும்பி வந்தபோது எந்த நாளில் நின்றேன், எந்த நாளில் தொடர்ந்தேன் என்பது தெளிவாகத் தெரிந்தது. நான் முன்பு பயன்படுத்திய செயலியோ தொடர்ச்சி அறுந்தது என்று நாள்தோறும் நினைவூட்டும். அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே வலிக்கும் முழங்காலோடு ஒருநாள் வகுப்புக்குப் போயிருக்கிறேன் என்பதைச் சொல்ல இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நோட்டின் குறைகளை மறைக்கக் கூடாது. தேடுதல் இல்லை, கூட்டுத்தொகை இல்லை; மாத இறுதியில் இருபது நிமிடம் அமர்ந்து எண்ண வேண்டும். ஜெல் பேனாவால் எழுதியவை வியர்வையில் கரைந்து இரண்டு வாரக் குறிப்புகள் போயின, அதன்பின் பால்பாயிண்ட் மட்டுமே. தொலைந்தால் மீட்க வழியில்லை என்பதால் மாதம் ஒரு முறை பக்கங்களைப் படமெடுத்து வைக்கிறேன்.

காணொளியைத் தனி வழியாக எடுத்துக்கொள்ளவில்லை. நம்மைப் பற்றி நாமே கொண்டிருக்கும் எண்ணத்தை அது ஒரே நொடியில் உடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் யாராவது படம்பிடிக்க வேண்டும், மற்றவர்களின் சம்மதம் வேண்டும், பிறகு அமர்ந்து பார்க்கவும் வேண்டும். மாதம் ஒரு சுற்றுக்கு மேல் எனக்கு இயன்றதில்லை.

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதில் குறிக்கத்தக்க ஒரு சோதனை உண்டு. 1990களில் போலந்தின் ஸ்டெர்கோவிச் உருவாக்கிய ஜூடோ உடற்திறன் சோதனையில், ஏறத்தாழ நம் எடையுள்ள இருவர் ஆறு மீட்டர் இடைவெளியில் நிற்பார்கள். நாம் நடுவிலிருந்து ஓடி, இருவரையும் மாறி மாறி, செயோ-நாகேவின் ஒரு கை வடிவமான இப்போன்-செயோ-நாகேயால் வீச வேண்டும்: பதினைந்து நொடி, பிறகு முப்பது, மீண்டும் முப்பது, இடையில் பத்து நொடி ஓய்வு. முடிந்தவுடன் உள்ள துடிப்பையும் ஒரு நிமிடம் கழித்து உள்ள துடிப்பையும் கூட்டி, மொத்த வீச்சுகளால் வகுக்க வேண்டும். விடை குறைந்தால் திறன் கூடியதாகப் பொருள். நான் முதலில் செய்தபோது 21 வீச்சுகள், துடிப்பு 184, 162, குறியீடு 16.48; எட்டு மாதம் கழித்து 23 வீச்சுகள், 180, 152, குறியீடு 14.43. இங்கே மார்புப் பட்டை இல்லாமல் முடியாது, அந்த அளவுக்கு வாட்சுக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் மொத்தம் நான்கு முறைதான் செய்திருக்கிறேன், வீசப்பட்டவர்களும் ஒவ்வொரு முறையும் வேறு ஆட்கள். அதனால் வந்த மாற்றம் எவ்வளவு, என் உழைப்பால் வந்தது எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது.

போட்டிக்காக எடை குறைப்பவர்களின் நிலை வேறாக இருக்கலாம். 69 கிலோவில் இருந்துகொண்டு 66 கிலோ பிரிவில் இறங்குபவருக்குத் தினசரி எடையின் வாரச் சராசரி தேவைப்படும், அதை விரிதாள் தானே கணக்கிடும். நான் மாவட்ட அளவுக்கு மேல் போட்டியிட்டதில்லை, எடையைக் குறைத்து இறங்கியதும் இல்லை. அவர்களுக்கு நோட்டே போதும் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. வளரும் பிள்ளைகளைப் பற்றியும் அதேதான்: உயரமும் எடையும் மாதந்தோறும் மாறும் வயதில் வலிமைக் கணக்கு எதைக் காட்டும் என்பதில் எனக்கு அனுபவம் இல்லை.

இப்போது பையில் நான்காவது நோட்டு இருக்கிறது. விரிதாளில் எடைப் பயிற்சிக்கும் வாரச் சுமைக்குமாக இரண்டு தாள்கள் மட்டும் மிஞ்சியுள்ளன, இருபத்திரண்டு பத்தி கொண்ட அந்தப் பழைய தாளை அழித்துவிட்டேன். முதல் நோட்டில் எதிராளியின் எடையைக் குறிக்காமல் விட்டதால், அந்த ஆண்டின் வீச்சுக் கணக்கை இன்று எதனோடும் ஒப்பிட முடியவில்லை. புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளிலிருந்தே அந்த ஓர் எண்ணைச் சேர்த்து எழுதுவது நல்லது.