அம்மாவுக்கு ஒரு லோயர் பெர்த்

தமிழ்நாட்டையும் இலங்கையையும் குடும்பத்தோடு முடிந்தவரை ரயிலிலேயே சுற்றிப் பார்ப்பது என்று முடிவு செய்தபோது, ஊரில் இருந்த உறவினர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "எதுக்கு இந்த வேண்டாத வேலை? ஒரு இன்னோவா எடுத்துக்கோங்க." சென்னையிலிருந்து இரவு ரயிலில் மதுரை, பிறகு ராமேஸ்வரம், தஞ்சாவூர், நாகப்பட்டினம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை, யாழ்ப்பாணம், அனுராதபுரம், கண்டி, கொழும்பு என்று மறுபடி ரயில், கொழும்பிலிருந்து விமானத்தில் மதுரைக்குத் திரும்பி, சித்தி வீட்டில் விட்டுச் சென்றிருக்கும் அம்மாவை அழைத்துக்கொண்டு இரவு ரயிலில் சென்னை. இதுதான் திட்டம். ஸ்டுட்கார்ட்டில் வளரும் பிள்ளைகளுக்கு ஊரை ரயில் ஜன்னல் வழியாகத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம். பாம்பன் பாலமும் பெரிய கோயிலும் நன்றாகவே இருந்தன. அவற்றைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை. எழுத வேண்டியிருப்பது எழுபத்து நான்கு வயதான என் அம்மாவின் லோயர் பெர்த்தைப் பற்றி.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கோடை விடுமுறைக்கான விமானச் சீட்டை ஜனவரியிலேயே வாங்கிவிடுகிறோம். ரயில் சீட்டோ, 2024 நவம்பர் 1 முதல், பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் கிடைக்கத் தொடங்குகிறது. அதற்கு முன் 120 நாட்களாக இருந்தது. இதனால் போகும் ரயிலுக்கான முன்பதிவு திறந்த நாளில் திரும்பும் ரயிலுக்கான முன்பதிவு திறந்திருக்கவில்லை. போகும் ரயிலுக்கு மட்டும் சென்னை முகவர் ஒருவர் மூலமாகத் தேர்ட் ஏ.சி.யில் பதிவு செய்தோம். ஐந்து பேரையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே பதிவு எண்ணில், போட்டுவிட்டதாகப் பெருமையோடு செய்தி அனுப்பினார். சீட்டைத் திறந்து பார்த்தால், முழங்கால் தேய்ந்து மாடிப்படி ஏறுவதையே விட்டுவிட்ட அம்மாவுக்கு அப்பர் பெர்த். தொலைபேசியில் கேட்டேன். "சிஸ்டம் குடுக்கறதுதான் சார், நம்ம கையில ஒண்ணுமில்ல. ரயில்ல யார்கிட்டயாவது மாத்திக்கலாம்" என்றார்.

ரயிலில் மாற்றிக்கொள்ளலாம் என்பது நாம் எல்லோரும் அறிந்த பழைய வழக்கம்தான். ஏறியதும் எதிரில் இருப்பவரிடம் எந்த ஊர் என்று கேட்டு, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு மணி நேரம் கழித்து மெல்லப் பெர்த் பேச்சை எடுத்தால் காரியம் முடிந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. இந்த முறை எங்கள் பகுதியில் இருந்த இரண்டு லோயர் பெர்த்திலும் அம்மாவைவிட மூத்த ஒரு தம்பதி படுத்திருந்தார்கள். அவர்களிடம் என்ன கேட்பது? அடுத்த பகுதியில் இருந்த இளைஞர்கள் காதில் கருவியைச் செருகிக்கொண்டு, வண்டி தாம்பரம் தாண்டுவதற்குள் கண்ணை மூடிவிட்டார்கள். அம்மா வழிநடையில் நின்றபடியே ஒவ்வொருவராக "தம்பி, தம்பி" என்று அழைத்ததைப் பார்க்க எனக்குக் கோபமும் வெட்கமுமாக இருந்தது. திண்டுக்கல் போகும் மாணவன் ஒருவன் பக்கவாட்டு லோயரிலிருந்து எழுந்து, "நீங்க படுங்க பாட்டி" என்று சொல்லி மேலே ஏறிக்கொண்டான். அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு மூதாட்டியின் இரவுத் தூக்கம், முன்பின் தெரியாத ஒரு பையனின் நல்ல மனதை நம்பி இருப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

திரும்பும் பயணத்துக்கான சீட்டை முகவரிடம் விடுவதில்லை என்று முடிவு செய்து, மறுநாள் காலை சித்தி வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிறு நிலையத்தின் முன்பதிவு அறைக்கு நானும் மனைவியும் போனோம். பல ஆண்டுகளாக நான் காலெடுத்து வைக்காத இடம். கம்பிக்குப் பதிலாகக் கண்ணாடி வந்திருந்தது, பணம் கட்டக் கைப்பேசியில் ஸ்கேன் செய்யும் கட்டம் ஒட்டப்பட்டிருந்தது. மற்றபடி அதே மின்விசிறி, நூலில் கட்டிய அதே பேனா, அதே படிவம். ஒரு படிவத்தில் ஆறு பேர் வரை எழுதலாம் என்பதும், நீங்கள் மருத்துவரா என்று கேட்கும் சிறு கட்டமும்கூட மாறவில்லை. ஐந்து பெயர்களையும் எழுதி, அம்மாவின் பெயருக்கு நேரே லோயர் என்று குறித்து நீட்டினேன்.

உள்ளே இருந்த அம்மையார் படிவத்தை ஒருமுறை மேலிருந்து கீழ் வரை படித்தார். என் அனுபவத்தில் இந்த இடத்தில் "ஆர்.ஏ.சி.தான், போடட்டுமா?" என்ற கேள்வி மட்டும் வரும் (ஆர்.ஏ.சி. என்றால் வண்டியில் ஏறலாம், ஆனால் முழுப் படுக்கை உறுதியில்லை), தலையாட்ட வேண்டும், அச்சு இயந்திரம் கீச்சிடும். அவரோ பேனாவால் அம்மாவின் வயதைச் சுட்டி, "இப்படி அஞ்சு பேரையும் ஒண்ணாப் போட்டா இவங்களுக்கு மேல்தான் விழும் சார். பொதுவுல இப்போ ஆர்.ஏ.சி. ஓடுது. சீனியர் கோட்டாவுல லோயர் காலியா இருக்கு. ஆனா அதுக்குத் தனிச் சீட்டு எடுக்கணும்" என்றார்.

பிறகு, பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தபோதும், பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு படுக்கைப் பெட்டியிலும் சில லோயர் பெர்த்துகள் மூத்தவர்களுக்கெனத் தனியாக ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45 வயது நிறைந்திருக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் இதில் இடம் உண்டு. ஆனால் அந்தத் தகுதி உள்ளவர் தனியாகவோ, அதே தகுதி உள்ள இன்னொருவரோடு சேர்ந்து இருவராகவோ ஒரு சீட்டில் இருந்தால்தான் கணினி அந்த ஒதுக்கீட்டைத் திறக்கும். கூடவே மகனையும் பேரப்பிள்ளைகளையும் சேர்த்துவிட்டால், குடும்பம் துணைக்கு இருக்கிறது என்ற கணக்கில் ஒதுக்கீடு மூடிக்கொள்ளும். இணையத்திலும் இந்தக் கோட்டாவைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கிறது என்பதையும் அவரே சொன்னார். நம்ம கையில் ஒன்றுமில்லை என்று சொன்ன முகவரை அந்தக் கணத்தில் நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வந்ததுதான் நான் எதிர்பாராதது. அவர் என்னை விட்டுவிட்டு என் மனைவியைப் பார்த்தார். "மேடம், உங்களுக்கு என்ன வயசு?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பதுபோல நின்று காதைத் தீட்டிக்கொண்டார்கள். என் மனைவி என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாற்பத்தாறு" என்றாள். "அப்ப பிரச்சினையே இல்ல. நீங்களும் மாமியாரும் ஒரு சீட்டு, சாரும் பசங்களும் ஒரு சீட்டு. ரெண்டு லோயரும் உங்களுக்கு வந்துடும்" என்று சொல்லி, புதிதாக இரண்டு படிவங்களை எடுத்து நீட்டினார். பிள்ளைகளுள் இளையவளுக்கு ஒன்பது வயது என்பதால், தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம் என்பதையும், படுக்கை இல்லாமல் அரைக் கட்டணத்தில் போகலாம் என்பதையும் கேட்காமலேயே சொன்னார். என் பெயரும் பிள்ளைகளின் பெயர்களும் ஆர்.ஏ.சி.யில் நின்றன, அம்மாவுக்கும் மனைவிக்கும் அடுத்தடுத்த எண்களில் லோயர் பெர்த் உறுதியாகி அச்சாகி வந்தது. வீடு போய்ச் சேரும்வரை என் மனைவி அந்தச் சீட்டை என்னிடம் கொடுக்கவில்லை.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று ஊரில் இருப்பவர்கள் கேட்கலாம். ஜெர்மனியில் இருக்கைகளின் வரைபடம் திரையில் வரும். வேண்டிய இருக்கையைத் தொட்டுத் தேர்ந்தெடுக்கலாம். பதிவே செய்யாமலும் வண்டியில் ஏறலாம். 14 வயது வரை உள்ள பிள்ளைகள் பெற்றோரோடு நெடுந்தூர ரயிலில் இலவசமாகப் போகலாம். இவையெல்லாம் உண்மை. ஆனால் அங்கே 2024-இல் நெடுந்தூர ரயில்களில் நூற்றுக்கு 62.5 மட்டுமே நேரத்துக்கு வந்தன. இணைப்பு வண்டி தவறிவிட்டால் நீங்களும் உங்கள் செயலியுமாகத் திண்டாட வேண்டியதுதான். உங்கள் குடும்பத்தின் வயதுகளைக் கூட்டிக் கழித்து, விதியின் எந்தச் சந்து வழியாக உங்களை நுழைக்கலாம் என்று யோசிக்கும் ஒருவரை நான் அங்கே கண்டதில்லை. அதே வேளையில், இங்கே இத்தனை நல்ல ஒரு விதியைச் சீட்டு எடுக்கும் இடத்தில் நாலு வரியில் எழுதி ஒட்டக்கூடாதா என்ற எரிச்சலும் அடங்கவில்லை. மூத்தவர்களுக்கு இருந்த கட்டணச் சலுகை, ஆண்களுக்கு 40 விழுக்காடும் பெண்களுக்கு 50 விழுக்காடுமாக, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது, திரும்பி வரவில்லை. எஞ்சியிருப்பது இந்த லோயர் பெர்த் ஒன்றுதான். அதையும் தெரிந்தவர்கள் மட்டும் பெறும்படி வைத்திருப்பது நியாயமில்லை.

கடைசி நேரத்தில் தட்கல் என்னும் அவசர முன்பதிவில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு சொல். 2025 ஜூலை முதல் இணையத்தில் தட்கல் எடுக்க ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். எங்களைப் போல ஆதார் இல்லாதவர்கள் அந்தக் கதவை மறந்துவிட வேண்டியதுதான்.

இலங்கைப் பகுதியில் பெர்த் கவலை இல்லை. நாங்கள் ஏறியவை எல்லாம் பகல் வண்டிகள், உட்காரும் இருக்கைகள். அங்கே முன்பதிவு 30 நாட்களுக்கு முன் திறக்கிறது. மலைநாட்டுப் பாதையில், கண்டிக்கு அப்பால் எல்ல வரை போகும் வண்டிகளில், இடங்கள் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிட்டன. ஆகவே கண்டியோடு நிறுத்திக்கொண்டோம். வடக்குப் பாதை 1990-இல் போரால் நின்றுபோய், 2014-இல் யாழ்ப்பாணம் வரையிலும் 2015-இல் காங்கேசன்துறை வரையிலும் மீண்டும் வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு ரயிலில் போக விரும்புபவர்கள் கொழும்பு வரை போக வேண்டியதில்லை. பொல்கஹவெல சந்திப்பில் இறங்கி மாறினால் போதும். சென்னையையும் கொழும்பையும் ரயிலும் கப்பலுமாக இணைத்த போட் மெயில் காலத்தில் தனுஷ்கோடி வரை மீட்டர் பாதை, கடலுக்கு அப்பால் தலைமன்னாரிலிருந்து அகலப் பாதை. ஆனாலும் நடுவில் கப்பல் தவறாமல் ஓடியது. இன்று இரண்டு கரைகளிலும் ஒரே அகலத் தண்டவாளம் கிடக்கிறது. நாகப்பட்டினம் கப்பலோ பருவமழையிலும் கடல் கொந்தளிக்கும் நாட்களிலும் நின்றுவிடும். கப்பல் நாளுக்கும் அடுத்த ரயிலுக்கும் இடையில் இரண்டு நாளாவது இடைவெளி விடுங்கள்.

மாதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியப் பள்ளி விடுமுறை ஆகஸ்டில் விழுவதால் அக்னி நட்சத்திரத்திலிருந்து தப்பிக்கிறோம், தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கோடை விடுமுறைக் கூட்டமும் இல்லை. ஆனால் ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் கொடியேறும் நல்லூர்த் திருவிழா 25 நாட்கள் நடப்பதால் யாழ்ப்பாண வண்டிகள் நிரம்பி வழிகின்றன, கண்டியில் பெரஹரா ஊர்வலத் திருவிழாவும் அதே பருவத்தில்தான். அனுராதபுரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் காய்ந்த கல்லின் மேல் நடக்க வேண்டும். பிள்ளைகளுக்குத் தடித்த காலுறை எடுத்துச் செல்லுங்கள், காலை ஒன்பது மணிக்குள் சுற்றி முடித்துவிடுங்கள். ரயிலையும் அதற்கேற்ப முந்தின நாள் மாலை அங்கே இறங்கும்படி பார்த்து எடுங்கள். காலை வண்டியில் போய் இறங்கினால் உச்சி வெயிலில்தான் தாதுகோபங்கள் எனப்படும் பௌத்தத் தூபிகளைச் சுற்ற நேரும்.